‘பச்சை விழல’ பாடியவளின் அப்பா

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று குந்தலஹள்ளி சிக்னலில் என் மானம் போனது.

காலை டிரிப். நான் ஓட்டும் வண்டி நிறைய வைட்ஃபீல்ட் கம்பெனிப் பெண்கள். சிக்னல் மாறி மாறி விழுகிறது, எங்கள் வண்டி மட்டும் நகரவில்லை. பின்சீட்டில் ஸ்னேஹா என்று ஒரு பெண், வழக்கம்போல ஆரம்பித்தாள்: “பச்சை விழல, பச்சை விழல…” மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இந்த ஊரில் சிக்னலில் மாட்டினால் எல்லாரும் பாடுவது இதைத்தான். எனக்கு என்ன வந்ததோ, அடுத்த அடியை நானே உரக்க எடுத்துவிட்டேன்.

“என் மனசு மட்டும் முன்னால போச்சு…”

ஸ்னேஹா திருத்தினாள்.

“அண்ணா, முன்னால போகல. ‘என் மனசு மட்டும் யூ-டர்ன் போட்டுச்சு.’ லிரிக்ஸ் தெரியாம பாடக்கூடாது அண்ணா, அது சிந்து பாட்டு.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன், கத்திரிக்காய் மாதிரி இருந்தது.

அந்த சிந்துவைப் பெற்றவன் நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. சொல்லவும் மாட்டேன். சொன்னால் நாளையிலிருந்து உச்சுக்கொட்டுவார்கள், வண்டியில் பாட்டு நின்றுபோகும்.

அடுத்த மாதம் அவள் போய் வருஷம் ஆகிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஷ்ரேயாஸ் போன் செய்தான். சிந்துவின் பாட்டுகளை வெளியிட்ட மியூசிக் கம்பெனிப் பையன். நல்ல பையன்தான். ஆஸ்பத்திரியில் அவளை டெங்கு வார்டில் வைத்திருந்தபோது ரத்தத் தட்டணு கேட்டு ஊரெல்லாம் அலைந்தவன். “அங்கிள், சனிக்கிழமை ஆபீஸுக்கு வாங்க. ஒரு விஷயம் போனில் சொல்ல வராது” என்றான், கன்னடத்தில்.

போனில் சொல்ல வராத விஷயம் எதுவும் எனக்கு இதுவரை நல்லதாக இருந்ததில்லை.

ஆகஸ்ட் 9, சனி

இந்திராநகர் ஆபீஸ். உள்ளே போனால் ஏசி குளிரில் காது அடைக்கிறது. சுவரில் சிந்துவின் படம், என் உயரத்துக்கு. அதன் கீழே நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். நான் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

விஷயம் இது. அவள் ஸ்டுடியோவில் பாடியது, பேசியது எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். இப்போது எந்த வரியை எழுதிக் கொடுத்தாலும் அது அவள் குரலில் பாடுமாம். நவம்பர் ஒன்று, கன்னட ராஜ்யோத்சவத்துக்கு சிந்துவின் புதுப்பாட்டு என்று வெளியிடலாம், கன்னடமும் தமிழும் கலந்து. பெற்றவர்கள் கையெழுத்து வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு துரும்புகூட அசையாது என்றான். காசுப் பேச்சையும் எடுத்தான். அதை இங்கே எழுதப் பிடிக்கவில்லை.

பிறகு ஹெட்போனை மாட்டிவிட்டான். “ரெண்டு கிளிப் போடறேன். ஒண்ணு சிந்து, ஒண்ணு கம்ப்யூட்டர். எது எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பெற்ற அப்பனுக்குப் பரீட்சையா? தொட்டிலிலிருந்து கேட்ட குரல். முதல் கிளிப் கேட்டேன். இரண்டாவது கேட்டேன். இரண்டாவதில் ஒரு இடத்தில் குரல் லேசாகக் கம்மி, திரும்ப எழும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இதுதான் என் பொண்ணு” என்றேன்.

ஷ்ரேயாஸ் கீழே குனிந்துகொண்டான்.

பியூசியில் கணக்கில் ஃபெயில் ஆனபோதுகூட இப்படி வெட்கமாக இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

யசோதாவிடம் பாட்டு விஷயம் மட்டும் சொன்னேன். பரீட்சையில் தோற்றதைச் சொல்லவில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். “போடு மாமா கையெழுத்து.”

“யோசிக்க வேணாமா?”

“இன்னா யோசிக்கிறது? அவ வீடியோ அத்தினியும் எனக்கு மனப்பாடம். எந்த எடத்துல சிரிப்பா, எந்த எடத்துல முடிய ஒதுக்குவா, எல்லாம். அடுத்து இன்னா சொல்லுவான்னு எனக்கு முன்னாடியே தெரியுது. தெரியாதது ஒண்ணு அவ வாயால வரணும் மாமா. ஒண்ணே ஒண்ணு.”

“அது அவ வாயி இல்லடி. மெஷினு.”

“நீ கேட்டியா?”

“கேட்டேன்.”

“அவ மாதிரி இருந்துச்சா, இல்லியா?”

நான் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பாக்கெட் இருந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வேலைக்குப் போனேன், வந்தேன். மாரத்தஹள்ளியில் மழை. ராத்திரி யசோதா போனில் சிந்துவின் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ரங்கா வந்தான். ஆஸ்டின் டவுனில் ஆர்கெஸ்ட்ரா வைத்திருக்கிறான், என் சின்ன வயசுத் தோழன். சிந்து முதன்முதலில் மைக் பிடித்ததே அவன் கணபதி புரோகிராமில்தான். அப்போது மைக் ஸ்டாண்டு அவளைவிட உயரம்.

இவனிடமாவது சொல்லலாம் என்று கம்ப்யூட்டர் பரீட்சையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

“டேய், உனுக்கு ஹாரனுக்கும் நாதஸ்வரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. உன்ன போயி கேட்டாம் பாரு, அவன சொல்லணும்.”

“நீ இருந்தா கண்டுபுடிச்சிருப்பியா?”

“நானா? கண்ண மூடிக்கினே சொல்லுவேன்டா.”

ஷ்ரேயாஸ் எனக்கு அனுப்பியிருந்த இரண்டு கிளிப்பையும் போட்டேன். ரங்கா கண்ணை மூடினான். கேட்டான். இன்னொரு தடவை போடு என்றான். போட்டேன். கண்ணைத் திறக்கவே இல்லை. கன்னத்தில் கண்ணீர் இறங்குகிறது.

“எது?” என்றேன்.

“தெரியலடா” என்றான். “ரெண்டும் அவதான்.”

பிறகு வெகுநேரம் இரண்டு பேரும் கிரிக்கெட் பார்த்தோம். யார் ஜெயித்தார்கள் என்று இப்போது கேட்டால் தெரியாது.

ஆகஸ்ட் 27, புதன்

கணேஷ சதுர்த்தி. வருஷம் முடியாததால் வீட்டில் பண்டிகை இல்லை. பக்கத்து வீடுகளிலிருந்து கொழுக்கட்டை மட்டும் வந்தது.

தெருமுனைப் பந்தலில் ரங்கா புரோகிராம். ‘பச்சை விழல’ போடட்டுமா என்று காலையிலேயே ஆள் அனுப்பிக் கேட்டான். போடு, ஊரே பாடுது, நான் யார் தடுக்க என்று சொல்லி அனுப்பினேன். மேடையில் ஒரு சின்னப் பெண் பாடினாள். நெற்றியில் முடியை வெட்டிவிட்டு, ஒரு காதில் மட்டும் பெரிய வளையம். சிந்து செய்தது எல்லாம் அப்படியே. இந்தத் தெருவில் மட்டும் அந்த மாதிரி முடி வெட்டிய பிள்ளைகள் எத்தனை என்று யோசித்தால் தலை சுற்றும். பார்லர்காரர்கள் அதற்கு ‘சிந்து கட்டிங்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பாட்டு முடிந்ததும் அந்தப் பெண்ணின் அம்மா அவளை வீட்டுக்கே இழுத்து வந்துவிட்டாள். “சிந்து அப்பா கால்ல விழு. அந்தக் குரல் உனக்கும் வரட்டும்.”

“எங்கால்ல விழுந்தா டிரைவிங் லைசென்ஸ்தாம்மா வரும்” என்றேன்.

யசோதா உள்ளே போய், சிந்து போடாமல் வைத்திருந்த இன்னொரு காது வளையத்தை எடுத்து வந்து அந்தப் பெண் கையில் வைத்தாள்.

ஆகஸ்ட் 30, சனி

ஷ்ரேயாஸ் மறுபடி போன். அவசரம் இல்லை அங்கிள், ஆனால் ராஜ்யோத்சவம் நெருங்குகிறது என்றான். அவசரம் இல்லை என்று சொல்கிறவர்கள் எல்லாம் ஏன் போன் செய்கிறார்கள்?

செப்டம்பர் 6, சனி

காந்தாக்கா வந்தாள். யசோதாவுக்கு மூத்தவள், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அவள் வாயைத் திறந்தால் மாவு மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும்.

“கல்யாணம் ஆவாத பொண்ணு. வருஷம் முடிஞ்சதும் பூவாடை போட்டு அழைக்கணும் ராஜேந்திரா. எங்க குடியாத்தத்துல உடமாட்டாங்க. வீட்டுச் சாமியா ஒக்கார வெச்சாதான் அவளுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.”

“இந்த ஊருல பம்பைக்காரனுக்கு எங்கக்கா போறது?”

“அல்சூர்ல இருக்கான். நம்பரு வெச்சிருக்கேன்.”

யசோதா முகத்தில் பல நாள் கழித்து ஒரு வெளிச்சம். எனக்குப் புரிந்துவிட்டது. பூவாடை அழைத்தால் செத்தவர் யார் மேலாவது வந்து பேசுவார்கள். அவளிடமே கேட்டுவிடலாம் என்று இவள் நினைக்கிறாள், கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று.

நான் சாமி கும்பிடுகிறவன்தான். சாமி பேசும் என்று நம்புகிறவனா என்று கேட்டால்… மெஷின் பேசுவதையே நம்பி அழுதவன் நான். இதில் என்ன கௌரவம் பார்ப்பது?

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுதினால்தான் நெஞ்சு இறங்கும் போலிருக்கிறது.

பூவாடையை ஆற்றங்கரையிலிருந்து அழைத்து வரவேண்டும். எங்கள் ஆஸ்டின் டவுனில் ஆற்றுக்கு எங்கே போவது? தெருமுனையில் கார்ப்பரேஷன் தண்ணீர்த் தொட்டி. சாயங்காலம் அதன் பக்கத்தில் குடத்துக்குப் பூ சுற்றி, மஞ்சள் துணி கட்டி வைத்தார்கள். டூவீலர்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள்.

கன்னிப் பெண்ணுக்குப் பாவாடை சட்டை வைப்பதுதான் முறை. காந்தாக்கா அதை வாங்கி வந்திருந்தாள். யசோதா அதன் பக்கத்தில் சிந்துவின் ஜீன்ஸையும், மேடைக்குப் போடுகிற ஜிகினா ஜாக்கெட்டையும் வைத்தாள். பம்பைக்காரப் பெரியவர் பார்த்தார்.

“பாண்ட்டு வெச்சு நான் பூவாடை போட்டதில்லியேம்மா.”

“எங்க பொண்ணு பாண்ட்டுதாங்க போடுவா” என்றேன்.

“சரி, போட்டுக்கட்டும். சாமிக்கு இன்னா” என்று பம்பையைத் தட்ட ஆரம்பித்தார்.

வீட்டுக்குக் குடம் வந்ததும் படையல் வைத்தோம். என்ன வைப்பது என்பதில் யசோதாவுக்குச் சந்தேகமே இல்லை. தொண்டைக்கு ஆகாது என்று அவளுக்கு நாங்கள் மறுத்ததெல்லாம் இலையில் வந்தது. தயிர்சாதம், மாங்காய் ஊறுகாய், கோபி மஞ்சூரி, ஒரு பெரிய டப்பா ஐஸ்கிரீம்.

பம்பை ஏற ஏற காந்தாக்காவுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. முடி அவிழ்ந்தது. நான் கற்பூரத் தட்டோடு நின்றேன். உண்மையைச் சொன்னால் பயமாக இருந்தது.

“யாரு வந்திருக்கிறது?” பெரியவர் கேட்டார்.

“நாந்தான்.”

அதே மாவு மெஷின் குரல். சிந்து குரலுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை. ஆனால் யசோதா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “வந்துட்டியாடி கண்ணு!” என்று கட்டிக்கொண்டாள்.

“இன்னாடி கொறை வெச்சோம்? சொல்லு.”

“ஐஸ்கிரீம் உருகிடுச்சும்மா.”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், சிரித்தவர்களே அழுதார்கள். யசோதா டப்பாவைத் திறந்து அப்படியே ஊட்டினாள். வழிய வழியச் சாப்பிட்டது அது. அவள். எப்படி எழுதுவது?

பிறகு யசோதா கேட்டாள். “கம்பெனிக்காரங்க கம்ப்யூட்டர்ல உன்னை மறுபடி பாட வெக்கிறாங்களாம்டி. கையெழுத்துப் போடட்டுமா? உங்குரலை நான் கேக்கணும்டி.”

பம்பை தணிந்தது. காந்தாக்கா தலை மட்டும் ஆடுகிறது.

“போன பொறவும் என்னை வேலைக்கு அனுப்புறியாம்மா?”

யசோதா டப்பாவைக் கீழே வைத்தாள்.

“ஞாயித்துக்கெழமைல ஒரு நாளாவது லீவு குடுக்கச் சொன்னேன். குடுத்தியா? இப்பவாவது குடும்மா. ஒடம்பெல்லாம் அசதியா கீது.”

யசோதா தரையில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். “இல்லடி, அனுப்பலடி. நீ தூங்கு. யாரும் எழுப்பமாட்டாங்க. நான் இருக்கேன். தூங்கு என் கண்ணு.”

நான் கற்பூரத் தட்டோடு அப்படியே நிக்கிறேன். எம் பக்கம் திரும்புவா, திரும்புவான்னு பாக்கிறேன். எங்கிட்ட ஒரு வார்த்த. திட்டவாவது ஒரு வார்த்த. கேள்வி கேக்கக்கூட எனக்கு வாய் வரல. பெரியவர் கற்பூரத்தை எடுத்து காந்தாக்கா நாக்கில வெச்சாரு. அணைஞ்சது. மலையேறிட்டா.

காந்தாக்கா விழித்ததும் முதலில் கேட்டது: “யார்யா என் சேலையில ஐஸ்கிரீம் ஊத்துனது?”

செப்டம்பர் 15, திங்கள்

லீவு எடுத்தேன். காரணம் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

யசோதா மாறிவிட்டாள். ராத்திரி எல்லாம் போனில் வீடியோ பார்த்துக்கொண்டு கிடந்தவள், சாப்பிட்டதும் தூங்கிப்போகிறாள். இன்று காலையில் தோசைக்கு ஊற்றும்போது அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். பின்னிய தலையில் பூ இருந்தது.

“கம்பெனிக்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிடு மாமா. நேர்ல போயி சொல்லு, போன்ல சொன்னா மரியாதை இல்ல. அந்தப் புள்ளையும் அவளுக்காக அலைஞ்சவன்.”

“காந்தாக்காவுக்கு நம்ம வீட்டுச் சண்டை எல்லாம் தெரியும் யசோ. அவளே…”

“தெரியட்டும்” என்றாள். தோசையைத் திருப்பிப் போட்டாள். “அவ லீவு கேட்டது காந்தாக்காவுக்கு எப்புடித் தெரியும்?”

சிந்து சனிக்கிழமைதோறும் கேட்பாள்தான். சுவருக்குக் காது இருந்தால் எதிர்வீட்டுக்காரிக்கே தெரிந்திருக்கும். ஆனால் வாதாட மனம் வரவில்லை. அவளுக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. அதில் நான் ஏன் மண்ணை அள்ளிப் போடவேண்டும்?

எனக்குத்தான் எதுவும் கிடைக்கவில்லை. என்ன பெரிய மனுஷன் நான், ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்.

செப்டம்பர் 25, வியாழன்

ஹோப் ஃபார்ம் சிக்னல். மழை. ஸ்னேஹா தூங்கிவிட்டாள், பாட்டு இல்லை. நானே மெல்லப் பாடிப் பார்த்தேன். யூ-டர்ன் சரியாக வந்தது.

அக்டோபர் 4, சனி

இந்திராநகர் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஷ்ரேயாஸ் வாதாடவில்லை. “அம்மா வேண்டாம்னா வேண்டாம் அங்கிள்” என்றான். காரணம் கேட்டான். அவளே வந்து வேண்டாம் என்றாள் என்று சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவன் மங்களூர்ப் பக்கம். “எங்க ஊரிலும் உண்டு” என்றான். ஒரு பேப்பரில் வேண்டாம் என்பதற்கும் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன்.

குரலைப் பழக்கியதை எல்லாம் திங்கட்கிழமை அழித்துவிடுவார்களாம். அவள் நிஜமாகப் பாடியது மட்டும் இருக்கும்.

எழுந்து கதவு வரைக்கும் வந்துவிட்டேன். அவன் கூப்பிட்டான்.

“அங்கிள், பர்ரி. ஒந்து நிமிஷ.” ஒரு நிமிஷம் வாங்க என்றான்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தான். “இது வெளியே போகாது. யாருக்கும் தெரியவேண்டாம். அழிக்கறதுக்கு முன்னால உங்களுக்கு மட்டும். என்ன டைப் பண்ணினாலும் அவ குரலில் பேசும். பாட்டு வேண்டாம், சும்மா பேச்சு.” அவனே எதையோ தட்டி ஸ்பீக்கரில் விட்டான்.

“அப்பா, சாப்பிட்டீங்களா?”

சிந்து. அட்சரம் பிசகாமல் சிந்து. ஆனால் யாரோ நல்ல வீட்டுப் பெண், மருமகளாக வந்தவள், மரியாதையாகக் கேட்கிற மாதிரி இருந்தது. முகத்தில் தெரிந்திருக்கவேண்டும்.

“சரியில்லையா அங்கிள்?”

“அவ அப்பான்னு கூப்புட்டதில்லப்பா.”

“பின்னே? டாடியா? சொல்லுங்க, ஒரு செகண்டில் மாத்திடறேன்.”

அவன் விரல் கீ மேல் இருந்தது. திரையில் சின்னக் கோடு விட்டு விட்டு எரிந்தது. நான் மட்டும் சொன்னால் போதும். அவளிடமிருந்து எனக்கு ஒரு வார்த்தை. அன்றைக்குத் தட்டோடு நின்று கிடைக்காதது. வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

வாயைத் திறந்தேன்.

“பேடப்பா. சாக்கு” என்றேன். வேண்டாம், போதும்.

அவன் வற்புறுத்தவில்லை. கீழே வரைக்கும் வந்து வழியனுப்பினான். வண்டியை எடுத்து நேராக வீட்டுக்கு வந்தேன். முடிஞ்சுதா என்று யசோதா கேட்டாள். முடிஞ்சுது என்றேன். காபி கொடுத்தாள்.

சிந்து எல்கேஜி படிக்கும்போது நான் அதே ஸ்கூலுக்கு வேன் ஓட்டினேன். பிள்ளைகள் எல்லாம் கூப்பிடுவதைக் கேட்டு, பின்சீட்டிலிருந்து அவளும் என்னை அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். யசோதா அடித்துப் பார்த்தாள். நான் கெஞ்சிப் பார்த்தேன். மாறவில்லை. வீட்டிலும் அதேதான், மேடைக்குப் பின்னாலும் அதேதான், ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தண்ணீர் கேட்டபோதும் அதேதான். அதைத்தான் நான் ஷ்ரேயாஸிடம் சொல்லவில்லை.

டிரைவர் அங்கிள்.